எல்லாவற்றையும் வாசித்த அக்கா

அக்காவுக்கு எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை வாய்விட்டு வாசித்தே ஆக வேண்டும். கடைப் பலகை, பேருந்து நேர அட்டவணை, கதவில் ஒட்டிய பெயர், காணாமல் போன பூனைக்காக மின்கம்பத்தில் கட்டிய தாள், பக்கத்து இருக்கைக்காரர் விரித்து வைத்திருக்கும் செய்தித்தாளின் பின்பக்கம், எதுவும் தப்பாது. முதலில் ஜெர்மனில் கணீரென்று வாசிப்பார். பிறகு "அதாவது பிள்ளை" என்று தொடங்கித் தமிழில் சொல்வார். நாம் கேட்டோமா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது பாசலிலிருந்து ஓல்டன் போகும் ரயிலில். சுவிட்சர்லாந்துக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தொண்டை கட்டிக் காய்ச்சல் வேறு. ஓல்டனில் ஒரு தமிழ்க் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அந்தக் காய்ச்சலோடு கிளம்பியிருந்தேன். புதிதாக வந்தவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட அசட்டுத் துணிச்சல் இருக்கும். மருந்துக் கடையில் கொடுத்த பெட்டியைப் பிரித்து ஒரு மாத்திரையை வாயில் போடப் போனேன்.

"நில்லுங்கோ பிள்ளை." எதிர் இருக்கையில் இருந்த பெண்மணி கையை நீட்டித் தடுத்துவிட்டார். "அந்தப் பெட்டியில என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிச்சனீங்களோ?"

"எனக்கு ஜெர்மன் தெரியாதுங்க."

"என்னைப் பார்த்தா தமிழ் ஆள் மாதிரித் தெரியேல்லையோ? கேட்டிருக்கலாமே. தாங்கோ இங்கால."

பெட்டியை வாங்கி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது, கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்க வேண்டும். லீஸ்டால் வருவதற்குள் பக்க விளைவுகளுக்கு வந்துவிட்டார். அவற்றில் பாதி எனக்கு அப்போதே வந்துவிட்டது போல் இருந்தது. கடைசியில் தயாரித்த ஊரின் பெயரையும் காலாவதித் தேதியையும் வாசித்துப் பெட்டியை மூடி, தன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார். "இதைச் சாப்பிட்டுப்போட்டுக் குளிசையைப் போடுங்கோ."

இறங்குவதற்குள் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார். என்னைவிட எட்டு, பத்து வயது கூட இருக்கும். சொந்த ஊர் திருகோணமலைப் பக்கம். சண்டைக் காலத்தில் கணவரோடு அகதியாக வந்தவர். சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் வேலை. அங்கே ஒவ்வொருவருடைய உடுப்பின் கழுத்துப் பட்டையிலும் பெயர் தைத்திருக்குமாம். அதை வாசித்துப் பிரித்து அவரவர் அலமாரியில் கொண்டுபோய் வைப்பது அக்காவின் பொறுப்பு. "எண்பது பேர் பிள்ளை. ஒரு நாளும் ஒருத்தற்றை காலுறை இன்னொருத்தரிட்டப் போனதில்லை" என்பார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

ஏன் இப்படி எதையும் விடாமல் வாசிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டே விட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வந்த புதுசில தபால்காரன் பெட்டிக்குள்ள ஒரு துண்டு போட்டுட்டுப் போனவன். நான் அதைக் கடை விளம்பரமெண்டு நினைச்சு எறிஞ்சுபோட்டன்" என்றார். அது பதிவுத் தபாலை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லும் துண்டு. தபாலில் இருந்தது, அகதி மனு தள்ளுபடி என்ற தீர்ப்பு. மேல்முறையீடு செய்ய முப்பது நாள். விஷயம் தெரிந்தபோது நாட்கள் கடந்துவிட்டன. ஒரு வருடத்துக்கு மேல், எப்போது வந்து ஏற்றி அனுப்புவார்களோ என்று கதவோரம் ஒரு பையைக் கட்டி வைத்துக்கொண்டு இருவரும் வாழ்ந்திருக்கிறார்கள். பிறகு ஒரு பாதிரியார் தயவில் எப்படியோ வழக்கு மறுபடி எடுக்கப்பட்டுப் பிழைத்தார்கள்.

"முப்பது நாள் தந்தவங்கள் பிள்ளை. நான் அதைக் குப்பைக்குள்ள போட்டன். அதுக்குப் பிறகுதான் இருந்து எழுத்துக் கூட்டிப் படிச்சனான். ஒண்டு சொல்லுறன், மறக்காதேங்கோ. வாசிக்காமல் எதிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ. கடவுள் கொண்டுவந்து நீட்டினாலும் வாசிச்சுப்போட்டு வையுங்கோ."

என் கணவர் பாசலில் ஒரு மருந்துக் கம்பெனியின் கணினிப் பிரிவில் இருந்தார். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம்தான். காபி கேட்பதற்கு மேல் அவருக்கு ஜெர்மன் தேவைப்படவில்லை, வரவும் இல்லை. நான் கல்யாணத்துக்கு முன்பு ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். பாசலில் ஜன்னலோரம் உட்கார்ந்து டிராம் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காதான் விரட்டி விரட்டி என்னை ஜெர்மன் வகுப்புக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, பால் பாக்கெட்டை எடுத்து அதில் உள்ளதை வாசி என்பார். நான் வாசிப்பேன். தப்பாக வாசித்தால், "அது பாலோ பெற்றோலோ?" என்று கிண்டல் செய்வார்.

இரண்டு வருடம் கழித்து, மருத்துவமனை ஆய்வகத்தில் படித்துக்கொண்டே வேலை பழகும் மூன்று வருடப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். அந்த விண்ணப்பத்தை அக்காவும் நானும் நான்கு தடவை திருத்தி எழுதினோம். நேர்முகத்துக்கு என்ன சட்டை போட வேண்டும் என்பது வரை அவர் சொன்னார். இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் சேர வேண்டும். அந்தக் கடிதத்தைப் பிரித்ததும் நான் அம்மாவைக் கூப்பிடவில்லை, அக்காவைத்தான் கூப்பிட்டேன். போனில் முழுக் கடிதத்தையும் என்னை வாசிக்கச் சொன்னார். முடித்ததும், "திரும்ப வாசியுங்கோ" என்றார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு எனக்கு உடன்பிறந்தவள் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது.

இதற்கு ஒரு மாதம் கழித்து, மார்ச் கடைசியில், ஈஸ்டர் விடுமுறை வந்தது. என் கணவர் தானாகவே, "நாலு நாள் சோலோதுர்ன் போய் அக்கா வீட்ல தங்கி ஊரை நடந்தே பாக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு நம்பவே முடியவில்லை. விடுமுறை என்றால் மடிக்கணினியோடு சோபாவில் சாய்கிற மனிதர். அக்காவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் காதில் வாங்காமல் தலையாட்டுகிறவர். இந்தத் தடவை எனக்கு நடப்பதற்கென்று புதுக் காலணி கூட வாங்கி வந்தார். வாங்கிய கையோடு முட்டி போட்டுக் கயிறு கட்டி அளவு பார்த்தார். அந்த நான்கு நாளும் அப்படித்தான், கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நானும் பூரித்துப்போய் நடந்தேன், முட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வீட்டிலிருந்து மூன்று பேருமாகக் கிளம்பினோம். அக்காவின் கணவருக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, ஈஸ்டர் என்றால் அவருக்கு மூச்சு விட நேரம் கிடையாது. ஆரே ஆற்றின் மேலே நடைபாலத்தைத் தாண்டினால் பழைய ஊர். பெரிய வெள்ளிக்கிழமை என்பதால் கடைகள் மூடிக் கிடந்தன, கோயில் மணியும் அடிக்கவில்லை. தெருவில் அக்காவின் குரல் மட்டும்தான்.

சோலோதுர்ன்காரர்களுக்குப் பதினொன்று என்ற எண்ணின் மேல் அப்படியொரு பைத்தியம். பதினொரு கோயில், பதினொரு கோபுரம், பதினொரு நீரூற்று. பேராலயத்தின் வெள்ளைப் படிக்கட்டைக் கூடப் பதினொன்று பதினொன்றாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். அக்கா அதையெல்லாம் சொல்லிவிட்டு, கோயில் கதவில் ஒட்டியிருந்த பூசை நேரங்களை வாசித்தார். பக்கத்தில் நாயைக் கட்டக் கூடாது என்ற பலகையை வாசித்தார். மணிக்கூண்டின் அடியில், ஒவ்வொரு மணிக்கும் அசையும் பொம்மைகளைப் பார்க்க நின்றிருந்த ஒரு ஜப்பானியத் தம்பதிக்கு அங்கிருந்த விளக்கப் பலகையை ஜெர்மனில் முழுக்க வாசித்துக் காட்டினார். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. குனிந்து வணங்கி நன்றி சொன்னார்கள். அக்காவும் குனிந்து வணங்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் கணவர் என்னை ஒவ்வொரு நீரூற்றின் முன்னாலும் நிறுத்திப் படம் எடுத்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. சிரி. இன்னொண்ணு." பதினொன்றையும் தேடிப் பிடித்து எடுத்தார். ஊரை விட்டுப் போகிறவர்கள்தான் அப்படி ஒன்று விடாமல் படம் எடுப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐந்தாவதோ ஆறாவதோ நீரூற்றில் குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு நான் சொன்னேன், "அக்கா, ஆகஸ்ட்ல கிளாஸ் ஆரம்பிச்சதும் சனிக்கிழமை ஆனா இங்க வந்துடுவேன். பாடத்துல புரியாததை எல்லாம் நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்."

அக்கா நீரூற்றின் தூணில் செதுக்கியிருந்த ஆண்டை வாசித்தார். பிறகு அதற்குக் கீழே இருந்த வரியை வாசித்தார். பிறகு எதிர் வீட்டுக் கதவில் இருந்த பல் மருத்துவரின் பெயரையும் நேரத்தையும் வாசித்தார். வழக்கமான கிறுக்குத்தானே என்று நானும் நடந்தேன்.

மறுநாள், சனிக்கிழமை காலை. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கணவர் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "வந்ததுலேருந்து மறந்துக்கிட்டே இருக்கேன். இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள போஸ்ட் பண்ணணும். மூணு எடத்துல கையெழுத்து போடு" என்று மூன்று தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக, கீழ்ப் பகுதி மட்டும் தெரியும்படி அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"என்னது?"

"எல்லாம் நம்ம இன்ஷூரன்ஸ்தான். போடும்மா, சொதி ஆறுது."

எனக்கு அப்போது ஜெர்மன் வாசிக்கத் தெரியும். மேலே இருந்த தாளைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும். கடவுள் நீட்டியிருந்தால் ஒருவேளை வாசித்திருப்பேன். நீட்டியது புருஷன். கல்யாணத்தன்று பதிவுப் புத்தகத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியவர். அன்றிலிருந்து அவர் விரல் வைத்த இடத்தில் எல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வங்கி, விசா, வீட்டு ஒப்பந்தம் எதையும் படித்ததில்லை. என் அம்மாவும் அப்படித்தான், என் அத்தை சித்திகளும் அப்படித்தான். இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றிலும் போட்டேன்.

அக்கா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். தலைகீழாக இருந்தாலும் வாசித்துவிடுகிற ஆள். ரயிலில் முன்பின் தெரியாதவர்களின் செய்தித்தாளை வாசிக்கிற ஆள். நான் பேனாவை எடுத்ததும் எழுந்தார். "சம்பல் எடுத்துக்கொண்டு வாறன்" என்று சமையலறைக்குள் போனார். சம்பல் மேசையிலேயே இருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. மூன்றாவது கையெழுத்தைப் போட்டு முடிக்கும் வரை அது நிற்கவில்லை.

அந்த உறை என் கைப்பையில்தான் இருந்தது. என் கணவரின் சட்டைப் பை சிறியது, மழை வேறு தூறியது, நனைந்துவிடப் போகிறது என்று நானே வாங்கி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைச் சந்தையில் முட்டைக்குச் சாயம் தீட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக அதைச் சுமந்துகொண்டு போய், தபால் நிலைய வாசலில் நானே எடுத்துக் கொடுத்தேன். என் கணவர் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. சந்தையில் ஒரு கொத்து டூலிப் பூ வாங்கி என் கையில் கொடுத்தார். கல்யாணமான ஐந்து வருடத்தில் அவர் வாங்கித் தந்த முதல் பூங்கொத்து. "பாருங்க அக்கா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அக்காவிடம் காட்டிச் சிரித்தேன். அக்கா பூவைச் சுற்றியிருந்த தாளில் கடையின் பெயரை வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வடக்கே இருக்கிற வெரேனா பள்ளத்தாக்குக்கு நடந்தோம். பாறைகளுக்கு நடுவே ஒரு ஓடை, கோடியில் சின்னக் கோயில், அதையொட்டி ஒரு துறவியின் வீடு. வழியில் பாறைகளில் யார் யாருக்கோ நினைவுப் பலகை பதித்திருந்தார்கள். அக்கா ஒவ்வொன்றையும் வாசித்தபடி முன்னால் நடந்தார். அன்று மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. "அதாவது பிள்ளை" வரவே இல்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "ஓம், கொஞ்சம்" என்றார்.

திங்கட்கிழமை மதியம் கிளம்புவதாக இருந்தோம். அதற்கு முன் ஒரு தடவை பேராலயப் படிக்கட்டில் உட்காரலாம் என்றார் என் கணவர். வெயில் வந்திருந்தது. அக்காவையும் உட்காரச் சொன்னார். அவர் இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் என் கணவர். "ஜூன் கடைசில நாம சென்னைக்குக் கிளம்பறோம்."

"லீவுக்கா?"

"இல்ல. மொத்தமா. அங்க ஆபீஸ்ல நல்ல போஸ்ட் ஒண்ணு. நானே கேட்டிருந்தேன். கொடுத்துட்டாங்க. அப்பா அம்மாவும் எத்தனை நாள் தனியா இருப்பாங்க?"

"எனக்கு ஆகஸ்ட்ல சேரணுமே."

"அங்க இல்லாத படிப்பா? அங்க பாத்துக்கலாம்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? நான் வரல. வீடு இருக்கு, நான் இங்கேயே இருந்து படிக்கறேன்."

"வீட்டைக் காலி பண்றதா எழுதிக் கொடுத்தாச்சு. நீயும் கையெழுத்து போட்டிருக்க, அந்த மூணு தாள்ல ஒண்ணு அதுதான். சனிக்கிழமை போஸ்ட் பண்ணோமே."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. சுவிட்சர்லாந்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து குடியிருக்கிற வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரருக்கு எழுதினால் இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டது செல்லாது. மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதால், ஜூனில் காலி செய்ய, மார்ச் முடிவதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். சென்னை அலுவலகத்துக்கு அவர் இன்னும் சரி என்று சொல்லியிருக்கவில்லையாம். முதலில் வீட்டை முடித்துவிட்டால் நான் வம்பு செய்ய முடியாது என்று அதற்காகக் காத்திருந்தாராம். அதாவது சனிக்கிழமை மதியம் வரை எதுவும் முடிவாகியிருக்கவில்லை. நான் போடாதிருந்தால் பேசியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், ஒரு வருடம் தள்ளியாவது போட்டிருக்கலாம்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. எதிர்த் தெருவில் ஏதோ ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை.

எழுந்து நடந்தேன். யாரும் பின்னால் வரவில்லை. அந்த ஊரை அன்றைக்குத்தான் நான் தனியாகச் சுற்றினேன். எந்தத் தெரு என்று பார்க்காமல் இரண்டு மணி நேரம் நடந்திருப்பேன். நடக்க நடக்க ஒன்று உறைத்தது. கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டே போகிறேன். மிதிவண்டியைச் சுவரில் சாய்க்காதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை. இந்த வீட்டில் இன்னார் பிறந்தார். படிக்கட்டு வழுக்கும், கவனம். எல்லாம் புரிந்தது. ஒரு வார்த்தைக்குக்கூட யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை.

அப்போதுகூட நான் நினைத்தது, அக்கா மேசையில் தலைகீழாக அதை வாசித்துவிட்டு, குடும்ப விஷயம் என்று பயந்து எழுந்து போயிருக்கிறார் என்றுதான். கோழைத்தனம், ஆனால் மனிதர்கள் செய்கிற கோழைத்தனம். ரயிலடியில் என் கையைப் பிடித்தார். இழுத்துக்கொள்ளாமல் விட்டேன்.

பாசலுக்கு வந்த மறுநாள் அந்தக் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்து வாசித்தேன். சுத்தமான ஜெர்மன். ஒரு பிழை இல்லை. தேதியும் விதியும் சரியாக, சுருக்கமாக, மரியாதையாக. காபி கேட்க மட்டும் ஜெர்மன் தெரிந்த மனிதர் எழுதியது அல்ல.

"இதை யாரு எழுதினா?"

என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்காதான். ஒரு மாசம் முன்னாடி போன் பண்ணிக் கேட்டேன். எழுதி அனுப்பிட்டாங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு எனக்குத் தெரியவே தெரியாது. அவங்கதான் சொன்னாங்க."

ஒரு மாதம் முன்பு என்றால், நான் பயிற்சியில் இடம் கிடைத்த கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டிய அதே வாரம்.

அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நீங்கதான் எழுதினீங்களா?"

"ஓம் பிள்ளை."

"எனக்கு இடம் கிடைச்சது உங்களுக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. ஒரே ஒரு வார்த்தை."

"தம்பி தானே சொல்லுறன் எண்டவர். உங்கட வீட்டில வைச்சுச் சொல்லுறன், நீங்களும் பக்கத்தில இருங்கோ, அவ தாங்குவா எண்டவர். கையெழுத்துக்கு முதல் சொல்லுவார் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான்."

"சொல்லலைன்னு தெரிஞ்சப்ப? நான் பேனாவை எடுத்தப்ப?"

 நான் அழுகையை எதிர்பார்த்தேன். அக்கா அழவில்லை. அவர் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு கடுமை வந்தது.

"பிள்ளை, உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் கிடக்கு. வீடு கிடக்கு. தாய் தகப்பன் வாசல்ல நிண்டு பார்த்துக்கொண்டு நிக்கினம். என்ர அம்மா செத்ததுக்கு நான் போகேல்லை, போக விடேல்லை. எங்கட வளவில இப்ப ஆமிக்காரன்ர காம்ப். போகலாம் எண்டிருக்கிற ஒரு ஆளை, போகாதேங்கோ, இந்தக் குளிருக்குள்ள கிடவுங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. தம்பி ஊருக்குப் போகப் போறம் எண்டு சொன்ன உடன எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. நீங்களாவது போகவேணும் எண்டுதான் எழுதினனான்."

"நான் போகணும்னு கேட்டேனா?"

"கேட்கேல்லை" என்றார். பிறகு குரலைத் தணித்து, அவசரமாக, "இப்பவும் ஒரு வழி கிடக்கு பிள்ளை. தெரியாமல் கையெழுத்து வைச்சனான் எண்டு வீட்டுக்காரருக்கு உடன ஒரு கடிதம் போட்டா அவையள் யோசிப்பினம். நான் எழுதித் தாறன். இண்டைக்கே எழுதித் தாறன்."

ஒரே மாதத்தில் வீட்டை விட ஒரு கடிதம், வீட்டை வைத்துக்கொள்ள ஒரு கடிதம். இரண்டையும் பிழையில்லாமல் எழுதிவிடுவார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"வேண்டாங்க. நீங்க எனக்கு எழுதினது போதும்" என்று போனை வைத்தேன்.

வீட்டைத் தக்க வைத்துக்கொண்டாலும் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசிக்கிறேன். நான் அங்கே தங்குவதற்கான அனுமதி என் கணவரின் வேலையை நம்பி இருந்தது. அவர் கிளம்பிவிட்டால் எனக்குக் கதவு திறந்திருக்குமா என்பதை யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய ஆள் அக்காதான். அதனாலேயே கேட்கவில்லை. வீம்பு என்று சொல்வீர்கள். வீம்புதான்.

அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. நாங்கள் கிளம்பும் வாரத்தில் ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரு கம்பளிச் சட்டை. கழுத்துப் பட்டையில் என் பெயரைத் தமிழில் நூலால் தைத்திருந்தார். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அக்கா சொன்ன காரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது. சொந்த ஊர் இழந்தவருக்கு, ஊருக்குப் போக மாட்டேன் என்கிறவள் கொழுப்பெடுத்தவளாகத்தான் தெரிவாள். புரிந்தும் மன்னிக்க வரவில்லை. என் கணவரோடு இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், அவரை ஒரு மாதிரி மன்னித்துத்தானே நடத்துகிறேன். அக்காவை முடியவில்லை. அவரிடம் நான் வேறு ஒன்றை எதிர்பார்த்திருந்தேன்.

போனை வைத்த அன்று மாலையே சமையலறை மேசையில் உட்கார்ந்து மருத்துவமனைக்கு எழுதினேன். எனக்கு ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொள்ள முடியாமல் இருப்பதற்கு வருந்துகிறேன், அதை வேறொருவருக்குக் கொடுங்கள் என்று நான்கு வரி. அகராதியை இரண்டு தடவைதான் திறந்தேன். முடித்ததும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்விட்டு வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன். யாரும் திருத்தித் தராமல் நானாக ஜெர்மனில் எழுதிய முதல் கடிதம் அது. அதற்குப் பிறகு எனக்கு அந்த மொழியில் எழுத எதுவும் இருக்கவில்லை.